முத்தியாரா டாமன்சாராவில் சம்பளமில்லாத ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங் எல்.ஐ., வீடு பெஸ்தாரி ஜெயா: போகலாமா?

பெர்ஜுந்தை_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வீடு பெஸ்தாரி ஜெயா பக்கம், பழைய தோட்டத்து டாமான். தங்கச்சி விளையாட்டு நிர்வாகம் டிகிரி கடைசி வருஷம். ஜூலையில் 12 வாரம் எல்.ஐ. (படிப்போடு சேர்ந்த தொழிற்பயிற்சி) செய்யணும். முத்தியாரா டாமன்சாராவில் ஒரு ஏஜென்சி சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனா அலவன்ஸ் ஒரு சென் கிடையாது. ஆஃபர் லெட்டரில் வேலை பற்றி "மார்க்கெட்டிங் பணிகளில் உதவி" என்று ஒரே வரி. நேரம் 9-லிருந்து 6, "மேட்ச் நாட்களில் மாறலாம்".

உள்ளே போனால் நிஜமா என்ன வேலை கொடுப்பாங்க? தண்ணி பாட்டில் பெட்டி தூக்குறதுதானா? கைக்காசு மாசம் எவ்வளவு போகும்? கையெழுத்துக்கு முன்னாடி எதையெல்லாம் எழுத்தில் வாங்கணும்? ஊர்ப் பக்கமே வேற வழி இருந்தாலும் சொல்லுங்க. லெட்டருக்கு அடுத்த வாரம் பதில் கொடுக்கணும்.

ஆக்டிவேஷன்_அக்கா:

தம்பி, பெட்டி தூக்குவது உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனா நாளின் பெரும்பகுதி ஒரு எக்ஸெல் தாளில்தான் போகும்.

ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் வரிசையாக எழுதியிருக்கும்: திடல் ஓரப் பலகை இத்தனை, இன்ஸ்டாகிராம் பதிவு இத்தனை, இலவச டிக்கெட் இத்தனை, ஒலிபெருக்கியில் பெயர் சொல்வது பாதி ஆட்டத்துக்கு இத்தனை தடவை. ஒவ்வொன்றும் நடந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டும். அதைச் சேர்ப்பவர் இன்டர்ன். சீசன் முடிந்ததும் ஸ்பான்சர் கைக்குப் போகும் அறிக்கை இந்தத் தாளிலிருந்துதான் வருகிறது. ஒரு வரி காலியாக இருந்தால், அடுத்த வருஷம் விலை பேசும்போது அந்த வரியைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

இதில் எங்கே சறுக்கும் என்றால், இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும். லிங்க்கை மட்டும் தாளில் ஒட்டி வைத்தால் மறுநாள் அங்கே ஒன்றும் இருக்காது. ஸ்டோரி ஓடும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட், எண்ணிக்கை ஏறியபின் இன்சைட்ஸ் பக்கத்தோடு இன்னொரு ஸ்கிரீன்ஷாட். பலகைக்கும் அதே கதைதான். ஆட்டத்துக்கு முன் காலித் திடலில் ஒன்று, விளக்கு போட்டபின் ஆட்டக்காரர்கள் பின்னணியில் ஓடும்போது ஒன்று, எல்லாப் பலகையும் தெரிய அகலமாக ஒன்று. படத்தின் பெயரில் தேதி, மேட்ச், ஸ்பான்சர், பலகை எண் நான்கும் இருக்கணும். வாட்ஸ்ஆப்பில் வந்த படம் வாட்ஸ்ஆப்பிலேயே கிடந்தால் செப்டம்பரில் எவராலும் தேடி எடுக்க முடியாது.

பலகையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்டர்ன் அதிகம் திட்டு வாங்குவது இங்கேதான். சாதாரண திடல் பலகை 20 அடி நீளம், 3 அடி உயரம். எல்லைக் கோட்டிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி நிற்கணும், அது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. நெருங்கி நின்றால் மேட்ச் கமிஷனர் நகர்த்தச் சொல்வார். விலை கூடிய இடம் மெயின் கேமராவுக்கு எதிர்ப்புற நீளவாக்குக் கோடு. மெயின் கேமரா பெரும்பாலும் விஐபி ஸ்டாண்டின் மேலே இருப்பதால், அந்த ஸ்டாண்டின் காலடியில் வைக்கும் பலகை டிவியில் முதுகைத்தான் காட்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று புதுப் பிள்ளைகள் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். அடுத்து, பந்து பொறுக்கும் பையனின் ஸ்டூல், மாற்று ஆட்டக்காரர்கள் வார்ம்-அப் செய்யும் இடம், ஆம்புலன்ஸ். இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் யாராவது ஒரு ஸ்பான்சரின் பெயரை மறைக்கும். கிக்-ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன் கேமராமேனிடம் போய், அவர் மானிட்டரிலேயே பார்த்துவிட்டு வருவதுதான் சரியான வழி. சாயங்கால மழைக்காற்றுக்கு மடக்குப் பலகை பறக்கும். ஒவ்வொன்றுக்கும் மணல் மூட்டை இரண்டாவது வேண்டும்.

அடுத்தது லோகோ. ஸ்பான்சர் ஆபீஸ் அனுப்புவது எப்போதும் வாட்ஸ்ஆப் ஜேபெக். போனில் தெளிவாக இருப்பது 20 அடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உடையும். கேட்க வேண்டியது வெக்டர் கோப்பு (எவ்வளவு இழுத்தாலும் உடையாதது): ஏஐ, இபிஎஸ், அல்லது வெக்டராகவே சேமித்த பிடிஎஃப். எழுத்துருவை அவுட்லைன் செய்திருக்கணும் (எழுத்தை வடிவமாக மாற்றுவது), இல்லையென்றால் பிரிண்டர் கடைக் கணினி வேறு எழுத்தை மாற்றிப் போட்டுவிடும். பாண்டோன் எண்ணும் (அச்சு நிறத்தைக் குறிக்கும் எண்) கேட்டு வாங்குங்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் ஆரஞ்சும் பச்சையும் சிஎம்ஒய்கே அச்சு மையில் மங்கும், பிறகு "எங்க கலர் இது இல்லையே" என்று போன் வரும். இருட்டு நிற ஜெர்சி என்றால் வெள்ளை லோகோவும் தனியாக வேண்டும். பிரிண்டுக்குப் போகும் முன் ஸ்பான்சரின் ஒப்புதல் ஈமெயிலில் இருக்கணும். வாய்ஸ் மெசேஜில் "ஓகே லா" என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேட்ச் நாளில் ஆட்டக்காரர் பட்டியல் சுமார் ஒரு மணி நேரம் முன் வெளியாகும். முழு அணியின் படமும் பெயரும் உள்ள டெம்ப்ளேட் முந்தின நாளே தயாராக இருந்தால், வந்த தாளைப் பார்த்து மாற்றி வைப்பது பத்து நிமிஷ வேலை. எழுத்துப் பிழையை அங்கேதான் பிடிக்கணும். கோல் படத்துக்கு மட்டும் அவசரம் கூடாது: ஸ்கோர்போர்டில் பெயர் வரும் வரை பொறுங்கள், இல்லையென்றால் ஓன் கோல் அடித்தவரை வாழ்த்திப் பதிவு போகும். கூட்டம் நிறைந்தால் ஸ்டேடியத்தில் டேட்டா நின்றுவிடும். கனமான வீடியோ எல்லாம் கேட் திறக்கும் முன்பே டிராஃப்டில் ஏறியிருக்கணும்.

கணக்குப் பக்கம் ஒரு எச்சரிக்கை. "செய்தியில் வந்த இடத்துக்கு விளம்பர விலை போட்டால் இத்தனை லட்சம் வெள்ளி" என்று ஒரு கணக்கு செய்யச் சொல்வார்கள். மக்கள்தொடர்பு அளவீட்டுத் துறை 2010-இல் பார்சிலோனா கோட்பாடுகள் என்று வெளியிட்டதிலேயே அந்தக் கணக்கு வேலையின் மதிப்பைக் காட்டாது என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் இங்கே இன்னமும் கேட்கிறார்கள். செய்யச் சொன்னால் செய்யட்டும். தன் லாக்புக்கில் மட்டும் ரீச், கமென்ட், பூத்தில் பதிந்த பேர் என்று தனித்தனியாக எழுதி வைக்கட்டும்.

காசு இல்லை என்பது சரியான வழக்கமே இல்லை. இருந்தாலும் இந்தத் தாளும் பலகையும் லோகோவும் 12 வாரத்தில் கைக்கு வந்தால் அது வேலை கற்றதாகத்தான் அர்த்தம். டிக்கெட் கவர் ஒட்டும் வேலை மட்டும் என்றால் போக வேண்டாம். இன்டர்வியூவிலேயே ஒரு கேள்வி போதும்: "போன இன்டர்ன் செய்த ஸ்பான்சர் அறிக்கையைப் பார்க்கலாமா?" முழிக்கிறார்கள் என்றால் பதில் தெரிந்துவிடும்.

ஈஜோக்_ரைடர்:

அக்கா வேலையைச் சொல்லிட்டாங்க, நான் காசை மட்டும் சொல்றேன்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஈஜோக் வழியா சுங்கை பூலோ எம்ஆர்டி சுமார் 35 கிலோமீட்டர். போக வர 70. மாசம் 22 நாள்னா 1,540 கிலோமீட்டர். கப்சாய் மோட்டார் லிட்டருக்கு 40 ஓடும்னு வச்சா 38, 39 லிட்டர். புடி 95 (அரசு மானிய பெட்ரோல்) விலை 1.99 போட்டா 77 வெள்ளி. தங்கச்சி ஐசி-யும் லைசென்சும் சரியா இருந்தாத்தான் அந்த விலை. அப்புறம் மை50 பாஸ், 30 நாளைக்கு 50 வெள்ளி. குடியுரிமை உள்ளவங்களுக்கு மட்டும். எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரெயில், ரெப்பிட் பஸ் எல்லாம் அடங்கும். கேடிஎம் கொமுட்டர் அடங்காது, அதனால சுங்கை பூலோவில் எந்தப் பக்கம் ஏறுறோம்னு பார்த்து ஏறணும்.

ரயில் வழி நேர்தான்: சுங்கை பூலோவிலிருந்து இரண்டாவது நிறுத்தம் குவாசா டாமன்சாரா, அங்கே காஜாங் லைனுக்கு மாறி நாலாவது நிறுத்தம் முத்தியாரா டாமன்சாரா. காலையில 9 மணிக்கு ஆபீஸ்னா 6.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். பூஞ்சாக் ஆலம் சந்திப்பும் சௌஜானா உத்தாமா பக்கமும் அந்த நேரத்துல ஊர்ந்துதான் போகும். பசியாறிட்டு கிளம்பினா வெளிய காசு போகாது.

மத்தியானச் சாப்பாடு அந்தப் பக்கம் 10-லிருந்து 12 வெள்ளி, மாசம் 240-ன்னு வைங்க. பார்க்கிங், என்ஜின் ஆயில் சேர்த்தா மொத்தம் 400 பக்கம் வந்து நிக்கும். 12 வாரத்துக்கு 1,100 வெள்ளிக்குக் குறையாது. வீட்டுச் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போனா அதுல பாதிக்கு மேல சாப்பாட்டுக் காசு மிச்சம், அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கற விஷயம். ஆயில் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னா இந்த 12 வாரத்துல ரெண்டு தடவை. பின் டயரையும் செயினையும் ஜூனிலேயே பார்த்து வச்சிடுங்க. ரோட்டுல நின்னுட்டா அந்த ரிப்பேரும் கைக்காசுதான்.

ரூம் எடுத்தா மாசம் 400-லிருந்து 600, கூட டெபாசிட். மூணு மாசத்துக்கு ரூம் தர்றவங்க கம்மி. சீனியர் பிள்ளைங்க ரூமில் பங்கு கிடைச்சாத்தான் கட்டும்.

இதை விடப் பெருசு மேட்ச் ராத்திரி. 9 மணி ஆட்டம் 11 பக்கம் முடியும். பலகை மடக்கி, பூத் பிரிச்சு, சாமான் ஏத்தினா 12. கடைசி ரயிலும் அந்த நேரம்தான். புக்கிட் ஜாலில்னா சுங்கை பீசி வரைக்கும் ஒரு நிறுத்தம் எல்ஆர்டி, அங்கிருந்து சுங்கை பூலோவுக்கு புத்ராஜெயா லைன்ல ஒரே ரயில், மாற வேண்டாம். ஆனா அந்த ஒரு மாற்றத்துல கடைசி ரயில் தவறினா முடிஞ்சது. கிடைச்சாலும் சுங்கை பூலோவிலிருந்து 35 கிலோமீட்டர், லோரி ஓடுற ரோடு, செம்பனைக்கு நடுவுல விளக்கில்லாத இடம் நிறைய. ஒரு பொம்பளப் பிள்ளை ராத்திரி 1 மணிக்கு மோட்டார்ல வர்ற ரோடு இல்லை அது. கிராப் பெஸ்தாரி ஜெயான்னு போட்டா பாதி டிரைவர் கேன்சல் பண்ணுவாங்க, திரும்பி வர்றப்ப ஆள் கிடைக்காது அவங்களுக்கு. இதுக்கு வழி எழுதிக் கொடுக்காத ஏஜென்சிக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன்.

பெர்ஜுந்தை_வாசி:

நன்றி அண்ணே, அக்கா. ராத்திரி விஷயம்தான் அம்மாவும் முதலில் கேட்டாங்க. மாசத்துக்கு எத்தனை மேட்ச் என்று ஏஜென்சியில் கேட்டால் "அப்போ பார்த்துக்கலாம்" என்கிறார்கள். இன்னொன்று, எல்.ஐ. முடிந்ததும் "நல்லா செஞ்சா இன்னும் மூணு மாசம் இன்டர்னா தொடரலாம்" என்றும் சொல்லியிருக்காங்க. அதுவும் சம்பளம் இல்லாமல். இது சரியா?

படிச்சிட்டு_கையெழுத்து:

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல.

பல்கலைக்கழகம் அனுப்பும் எல்.ஐ. படிப்பின் ஒரு பகுதி. அவர் அங்கே மாணவர், வேலை ஒப்பந்தத்தில் உள்ள தொழிலாளி அல்ல. அதனால் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அவரைத் தொடாது. அலவன்ஸ் தராததால் மட்டும் கம்பெனி குற்றம் செய்ததாகாது. ஆனால் படிப்பு முடிந்த ஒருவரை நேரம் வைத்து, மேலதிகாரி வைத்து, கம்பெனிக்கு வருமானம் வரும் வேலையில் உட்கார வைத்தால், பெயர் இன்டர்ன் என்று இருந்தாலும் அது வேலை ஒப்பந்தமாகவே பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு 2025 ஆகஸ்டு 1 முதலும் இது நடப்பில் இருக்கிறது. இபிஎஃப், பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் சேரும். ஆக அந்த "இன்னும் மூணு மாசம்" பேச்சுக்கு இப்போதே பதில் சொல்ல வேண்டாம். வந்தால் சம்பளத்தோடு வரட்டும். புகார் என்றால் தொழிலாளர் இலாகா.

எல்.ஐ. லெட்டருக்கு வருவோம். "உதவி" என்ற ஒரே வரியை ஏற்காதீர்கள். மேற்பார்வையாளரின் பெயரும் பதவியும், வேலைகள் நான்கைந்து வரியில், வாரத்தில் எத்தனை நாள், மேட்ச் நாளில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு விடுவார்கள், வார இறுதியில் வந்தால் அதற்கு ஈடாக எந்த நாள் லீவு, இவ்வளவும் லெட்டரில் இருக்கணும். இரவு 10 மணிக்கு மேல் வேலை என்றால் வீடு வரை வாகனம், அல்லது கிராப் ரசீதைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது தங்க இடம், மூன்றில் ஒன்று எழுத்தில். "அலவன்ஸ் இல்லை" என்பதும் "கிளெய்ம் இல்லை" என்பதும் வேறு வேறு. அலவன்ஸ் தராத பல கம்பெனிகள் பெட்ரோல், டோல், மேட்ச் நாள் சாப்பாடு கிளெய்மை ஒத்துக்கொள்ளும், கேட்டால்தான்.

அவர்கள் காசு தர யோசித்தால் பேசிப் பார்க்க ஒரு பிடி இருக்கிறது. அரசு நிறுவனமான டேலண்ட்கோர்ப் நடத்தும் மைசிப் என்ற இன்டர்ன் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற கம்பெனிக்கு, இன்டர்னுக்காகச் செய்யும் செலவில் இரட்டை வரிக் கழிவு கிடைக்கும். பயிற்சி குறைந்தது 10 வாரம் இருக்கணும், திட்டம் சொல்லும் குறைந்தபட்ச அலவன்ஸ் கொடுக்கணும். உங்கள் தங்கச்சிக்கு 12 வாரம், கணக்குப் பொருந்துகிறது. சின்ன ஏஜென்சிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கணக்காளரிடம் கேட்கச் சொல்லி மரியாதையாக ஒரு ஈமெயில் போடலாம்.

பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியது இன்ஷூரன்ஸ். மாணவர் தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) பெரும்பாலும் இருக்கும், ஆனால் அது அலுவலக முகவரிக்கு வெளியே, இரவில், வேறு மாநில ஸ்டேடியத்தில் நடக்கும் விபத்துக்கும் பொருந்துமா என்று எல்.ஐ. ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். தக்காஃபுல் நாட்டுக்கே பொருந்தினாலும் மோட்டார் விபத்துக்கு விலக்கு வைத்திருக்கிறார்களா என்பதையும் அதே ஈமெயிலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரகசியக் காப்புத் தாள் நீட்டுவார்கள், அது வழக்கம்தான். அதில் "தொகையும் ஒப்பந்த விவரமும் நீக்கிய மாதிரிகளை வேலை தேடும்போது காட்டலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் 12 வாரம் செய்த எதையும் அடுத்த இன்டர்வியூவில் வெளியே எடுக்க முடியாது.

பூத்தில் பெயர், போன் எண் வாங்கும் வேலை தந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: தனிநபர் தரவுச் சட்டப்படி, தகவல் எதற்கு என்று சொல்லும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் இருக்கணும். ஐசி எண் தேவையில்லாமல் வாங்கவே கூடாது. பிரச்சினை வந்தால் "இன்டர்ன் செய்தது" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

திடல்_கெரானி:

அக்கா சொன்ன வேலையைக் கற்க முத்தியாரா டாமன்சாரா இருக்கும் பெட்டாலிங் ஜெயா வரை போகணும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பலகை, லோகோ, அறிக்கை மூன்றும் கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே கிடைக்கும், அளவு சின்னது அவ்வளவுதான். ஆனால் முதலில் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளும் இடமா என்று பார்க்கணும். வெறும் கிளப் என்றால் பலர் ஏற்கமாட்டார்கள். எஸ்எஸ்எம் (கம்பெனிப் பதிவு ஆணையம்) பதிவுள்ள நிகழ்ச்சி ஏற்பாட்டுக் கம்பெனி, மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகம், மாநில விளையாட்டு மன்றம், நகராண்மைக் கழகம் என்றால் பேச்சுக்கு இடமுண்டு. அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் முன்கூட்டியே போகணும், ஜூலைக்கு ஜூனில் எழுதினால் பதில் வருவது கஷ்டம்.

ஒரு ஏழு பேர் கால்பந்துப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், 16 அணி, ஒரு நாள். நடத்தும் கிளப் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி பதிவானதாக இருக்கணும், ஸ்பான்சர் பணம் கிளப் பெயரில் உள்ள கணக்கில்தான் விழணும். தலைவரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் கொஞ்சம் பெரிய கடை எதுவும் காசு தராது, அவர்கள் கணக்காளர் விடமாட்டார்.

ஊர்க் கடைக்காரருக்கு பவர்பாயிண்ட் காட்டிப் பிரயோசனமில்லை. ஒரே ஏ4 தாள், மூன்று விலை. உதாரணத்துக்கு 300 வெள்ளிக்கு பந்திங் (தொங்கும் விளம்பரத் துணி) இரண்டும் ஃபேஸ்புக் பதிவு ஒன்றும். 1,000-க்குத் திடல் பேனரும் நேரலையில் லோகோவும். 3,000-க்குப் போட்டியின் பெயரிலேயே கடைப் பெயர், பரிசளிப்பு மேடை. ஒரு தொழிலுக்கு ஒரு கடைதான் என்று வாக்குக் கொடுத்தால் காப்பாற்றணும். ஒரே தெருவில் இரண்டு போன் கடை, இரண்டு பேர் பந்திங்கும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் அடுத்த வருஷம் இருவரும் வரமாட்டார்கள். பிரிண்டுக்குப் போகும் முன் பாதிப் பணம் கைக்கு வந்திருக்கணும். போட்டி முடிந்தபின் வசூலிக்கப் போனால் "முதலாளி வெளியூர்" என்றுதான் பதில்.

பெரிய தொகையோடு தேடி வருவது பெரும்பாலும் வேப் (மின்-சிகரெட்) கடை. வாங்கக் கூடாது. புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852-ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிகரெட்டோடு வேப்பும் அதில் அடங்கும், விளம்பரமும் தடை, ஸ்பான்சர்ஷிப்பும் தடை. லோகோ போடாமல் கடைப் பெயரை மட்டும் ஜெர்சியில் போடலாமே என்பார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள். சூதாட்டக் கடை, பீர் எல்லாம் பள்ளித் திடல் வாசலுக்கே வரக் கூடாது.

பந்திங் சாதாரண அளவு 2 அடிக்கு 5 அடி, மேலும் கீழும் கட்டை. ரோட்டோரம் கட்ட நகராண்மைக் கழக அனுமதி, எண்ணிக்கைக்குத் தகுந்த டெபாசிட். வாசகத்தில் மலாய் கட்டாயம், டேவான் பஹாசாவின் மொழிச் சரிபார்ப்பு கேட்பார்கள், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். தமிழ் எழுத்து இருக்கலாம், மலாயை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. டிஎன்பி மின் கம்பத்திலும் போக்குவரத்து விளக்கிலும் கட்டினால் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். போட்டி முடிந்து குறித்த நாளுக்குள் அவிழ்க்காவிட்டால் டெபாசிட் போச்சு. போட்டி ஞாயிறு முடிந்தால் திங்கள் காலை ஏணியோடு ஒரு ஆளை முன்பே பேசி வைக்கணும், ஞாயிறு ராத்திரி எல்லாரும் களைத்துப் போயிருப்பார்கள்.

காற்றடைத்த பெனால்டி கோல் வாடகைக்கு எடுத்தால் ஊதும் மோட்டாரைக் கவனியுங்கள். நாள் முழுக்க ஓடணும், நின்றால் சரிந்துவிடும். மோட்டார் ஒன்று சுமார் 1 குதிரைசக்தி, ஓடும்போது 750 வாட், கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அதனால்தான் 1 கேவிஏ ஜெனரேட்டர் காகிதத்தில் போதும் போலத் தெரிந்தாலும் ஸ்விட்ச் போட்டதும் ட்ரிப் ஆகிறது. 3 கேவிஏ எடுங்கள், ஒலிபெருக்கியை வேறு லைனில் போடுங்கள், பிள்ளைகள் வரிசைக்கும் ஜெனரேட்டருக்கும் இடையில் கயிறு கட்டுங்கள்.

ஊர் ஸ்பான்சருக்கு மிகவும் பிடித்தது நேரலை. ஒரு போன், ட்ரைபாட், பவர் பேங்க் இரண்டு, மூலையில் லோகோ. அரையிறுதியும் இறுதியும் போதும். வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடும், மேலே குடை கட்டணும். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால் ஃபேஸ்புக் நேரலையை ஊமையாக்கிவிடும், அந்த நேரத்தில் ஸ்பான்சர் பெயர் சொன்னாலும் யார் காதிலும் விழாது. போட்டி முடிந்த 7 நாளுக்குள் கடைக்காரர் கையில் நாலு பக்க அறிக்கை: அவர் பேனர் தெரியும் படம் மூன்று, நேரலை பார்த்த எண்ணிக்கை, பரிசு வாங்கிய அணியோடு அவர் நிற்கும் படம். கடைசிப் படத்தை ஃபிரேம் போட்டுக் கொடுத்தால் கல்லாவுக்குப் பின்னாடி மாட்டிவிடுவார்.

ஆக்டிவேஷன்_அக்கா:

கெரானி சொன்ன அறிக்கை பெரிய ஏஜென்சியிலும் அதேதான், பக்கம் மட்டும் கூடும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: டிவி கேமரா, கிளப்–ஸ்பான்சர் ஒப்பந்தம், உரிமை யாருக்கு என்ற சண்டை, இதெல்லாம் ஊர்ப் போட்டியில் கிடைக்காது. உலகக் கோப்பை நேரத்தில் ஒரு உணவகம் ஃபிஃபா சின்னத்தைப் போட்டு போஸ்டர் கேட்டால் மறுக்கத் தெரிய வேண்டும், அந்தச் சின்னம் காசு கொடுத்த பங்காளிகளுக்கு மட்டும்தான். அந்தப் பழக்கம் ஆபீசில்தான் வரும். பாட்டும் அப்படி: பிசினஸ் அக்கவுன்டில் ரீல்ஸுக்கு எந்தப் பாட்டையும் எடுத்துப் போட முடியாது, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதித்த தொகுப்பு தனி.

பெர்ஜுந்தை_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேட்ச் ராத்திரி வாகனம், வேலை விவரம், மாதிரி காட்ட அனுமதி, இந்த மூன்றையும் கேட்டு ஈமெயில் போடுகிறோம். மைசிப் பற்றியும் ஒரு வரி. "இல்லை" என்று வந்தால் மாவட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம். கடைசியா ஒன்று: சேர்வதானால் லேப்டாப் அவங்க தருவாங்களா, நாமே கொண்டு போகணுமா?

ஆக்டிவேஷன்_அக்கா:

சம்பளம் தராத இடம் லேப்டாப் தருவது அபூர்வம். சொந்த லேப்டாப் என்றால் அடோபி லைசென்ஸ் அவர்கள் தரணும், மாதச் சந்தா இன்டர்ன் தலையில் விழக் கூடாது, அதையும் அதே ஈமெயிலில் போடுங்கள். கேன்வா அவர்கள் டீம் அக்கவுன்டில் சேர்த்துவிடலாம். வேலைக் கோப்புகள் கம்பெனி டிரைவில்தான் இருக்கணும், தன் கணினியில் பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது; காட்ட அனுமதித்த மாதிரிகளைக் கடைசி வாரத்தில் மேற்பார்வையாளரிடம் ஈமெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கடைசி நாளில் அக்கவுன்டை மத்தியானமே மூடிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை தள்ளிப் போடாமல் புதன்கிழமையே கேட்கச் சொல்லுங்கள். லாக்புக் கையெழுத்தும் அப்படித்தான்: வாராவாரம் வாங்கிவிடணும். மேற்பார்வையாளர் பாதியில் வேலை மாறிப் போய்விட்டால் 12 வாரத்துக்கும் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.